தண்ணீர் வசதி: திருப்தி

யேசு மரி சூசை துணை

வில்லாபுரம், மதுரை
11-8-1974

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த படிவமும் வியாழக்கிழமை கிடைத்தன. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படிவத்தை ஐந்து தடவை. நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைதான் இல்லை. வைகை முழுக்க மணல். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாம் ஒரே வீட்டில் இருந்தது பதினான்கு மாதம் என்று நேற்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "அதுலயும் நீங்க விடியுமுன்ன ஆடு பாக்கப் போயிருவீங்களே" என்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் கால்நடை மருத்துவம் படித்தோம். நீங்கள் இப்போது தில்லியில் இறைச்சித் தொழில் திட்டக் குழுவுக்குக் கோப்பு எழுதுகிறீர்கள். நான் இங்கே ஆட்டுத்தொட்டியில் அறுப்புக்கு முன்னும் பின்னும் ஆட்டைச் சோதித்து, நல்ல கறிக்கு ஊதா முத்திரை போடுகிறேன். அதனால்தான் படிவத்தின் பதினேழாவது கேள்வி என்னிடம் வந்திருக்கிறது. 'தண்ணீர் வசதி எவ்வாறு உள்ளது?' அதற்கு எதிரே நீங்களே பென்சிலால் மெல்லிசாக 'திருப்தி' என்று எழுதி, இதன் மேலேயே மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அத்தான், இங்கே இருப்பது ஒரு குழாய். காலையில் அரை மணி நேரம் வரும், சில நாள் அதுவும் வராது. நூற்றி இருபது ஆடு அறுக்கிற இடம். ரத்தம் திறந்த சாக்கடையில் தேங்கி நிற்கிறது. தோலைத் தரையில் போட்டுத்தான் உரிக்கிறார்கள். குடல் வாங்கிக் கழுவி விற்கிற ஒச்சாயி, குழாய் நின்றதும் அந்தச் சாக்கடை ஓரத்தில் குழி தோண்டி ஊறுகிற தண்ணீரில் அலசுகிறாள். நீங்கள் இதைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் என்னோடு வந்து, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, வாசலோடு திரும்பினீர்கள்.

பென்சில் எழுத்தை அழித்துவிட்டேன். 'இல்லை' என்று எழுதலாமா? உங்கள் பதில் வந்ததும் அனுப்புகிறேன்.

உங்கள் அன்புள்ள,
பாக்கியம்


புதுதில்லி
19-8-1974

பிரியமுள்ள பாக்கியம்,

கோபப்படாமல் படி. நீ சொல்வது எதுவும் பொய்யில்லை. ஆனால் உனக்கு ஒரு தொட்டி தெரிகிறது. எனக்கு இங்கே நாடு முழுவதும் தெரிகிறது.

பெட்ரோல் விலை என்ன ஆனது என்று பத்திரிகையில் பார்த்திருப்பாய். அந்த விலையைக் கொடுக்க நம்மிடம் அந்நியச் செலாவணி இல்லை. பெட்ரோல் விற்கிற நாடுகளுக்கு இறைச்சி தேவை, நம்மிடம் ஆடு இருக்கிறது. அதனால்தான் குழு முன்னுரிமைப் பட்டியல் போட்டிருக்கிறது. முதலாவது ஏற்றுமதிக்கான நவீன ஆலைகள். அடுத்து குளிர்பதன ரயில் பெட்டிகள். பிறகு டப்பாவில் அடைக்கும் தொழில், பன்றிப் பண்ணைகள். உள்ளூர்த் தொட்டிகளைச் சீர் செய்வது பதினோராவது. நிதி நிலையைப் பொறுத்து என்று பக்கத்தில் குறிப்பும் இருக்கிறது. யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. காத்திருக்கட்டும் என்கிறார்கள்.

அந்த ஆலைகளில் ஒன்று மதுரைக்கு வரும். கப்பலூர்ப் பக்கம் சாலையோரமாக இடம் பார்த்தாயிற்று. ஆனால் விதி என்னவென்றால், உள்ளூர்த் தொட்டியின் நிலை திருப்தியாக உள்ள ஊருக்குத்தான் ஆலை. 'இல்லை' என்று நீ எழுதினால் ஆலை வேறு மாநிலத்துக்குப் போய்விடும். உன் தொட்டிக்கும் ஒரு குழாய் வரப்போவதில்லை.

ஆலை வந்தால் நான் திட்ட அதிகாரியாக அங்கே மாற்றிக்கொண்டு வரலாம். இதை யாரிடமும் சொல்லாதே. திருப்பரங்குன்றத்தில் வீடு பார்க்கலாம், நீ ஆலைக்கே தலைமை மருத்துவராகலாம். ஒரே ஒரு சொல், பாக்கியம். நாம் சேர்ந்திருக்க அந்த ஒரு சொல்லை எழுத மாட்டாயா?

என்றும் உன்,
கிறிஸ்துராஜ்


யேசு மரி சூசை துணை

வில்லாபுரம்
9-11-1974

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டரை மாதம் உங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். படிவமும் மேசையிலேயே கிடந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டு தடவை பேனாவைத் திறந்தேன். திருப்பரங்குன்றத்து வீட்டில் எந்தப் பக்கம் ஜன்னல் இருக்க வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

போன மாதக் கடைசியில் கமுதிப் பக்கமிருந்து ஆடுகள் வந்தன. மேய்ச்சலுக்குப் புல் இல்லாமல் கிடைத்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள், பாதி ஆடு நிற்கக்கூட முடியாமல் வருகிறது. நான் போவதற்குள் ஒன்று செத்துக் கிடந்தது. மூக்கில் கறுப்பாக ரத்தம், உறையவே இல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அடைப்பான். மனிதருக்கும் தொற்றும், தொடாதீர்கள் என்று கத்தினேன். ஆனால் முதல் நாளே இன்னொன்று அப்படிச் செத்து, அதன் தோலை மலைச்சாமி உரித்திருக்கிறார். தோல் உரிப்பவர்களில் மூத்தவர் அவர். செத்த ஆடுகளைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். நான்காம் நாள் மலைச்சாமி என் முன்னால் வந்து கையை நீட்டினார். மணிக்கட்டில் கரிக்கட்டை போல ஒரு புண், முழங்கை வரை வீக்கம்.

"வலிக்கலைங்க டாக்டரம்மா. அதனாலதேன் சும்மா விட்டேன்" என்றார்.

"உரிச்சதும் கை கழுவலையா?"

"எதுல கழுவ?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கேட்கிறேன், அத்தான். பதில் இருந்தால் எழுதுங்கள்.

பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். பென்சிலின் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார், இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். அவரை அங்கே சேர்த்த மறுநாளே மாநகராட்சி நிர்வாகத்துக்கு எழுதினேன்: தண்ணீர் வரும்வரை எந்தக் கறிக்கும் முத்திரை போட மாட்டேன். தீபாவளி முடியட்டும் என்று பதில் வந்தது. புதன்கிழமையோடு முத்திரையை நிறுத்திவிட்டேன். அறுக்கிறவர்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களை நான் கேட்கவில்லை. அவர்களில் இளையவன் மருதுதான் முதலில் வைத்தான், மற்றவர்கள் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

கறிக்கடைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கிறது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விருமாண்டி என்கிற கடைக்காரர் என் நாற்காலியை எட்டி உதைத்தார். "தீவாளிக்கு கறி இல்லேன்னா ஊரு சும்மா இருக்குமா? பொம்பள வந்து எங்க பொழப்பக் கெடுக்கிறதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒச்சாயி வந்து நின்றாள். கையில் குடல் கூடை. "ஊரு திங்கிற குடலத்தேன் நான் சாக்கடத் தண்ணியில அலசுறேன். இங்கிட்டு வாங்கண்ணே, குழியக் காட்டுறேன். பாத்துப்புட்டு உங்க வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க."

யாரும் குழியைப் பார்க்கப் போகவில்லை. விருமாண்டி நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். இப்போது அவரும் அறுக்கிறவர்களோடு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

படிவத்தை முடித்துவிட்டேன். பதினேழாவது கேள்விக்கு ஒரு பக்கம் தனியாகச் சேர்த்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. உங்களுக்குத் தெரியாமல் அனுப்ப மனமில்லை.

உங்கள் அன்புள்ள,
பாக்கியம்


புதுதில்லி
14-11-1974

பாக்கியம்,

தந்தி கொடுக்கத்தான் நினைத்தேன். தந்தி அலுவலகத்தில் எல்லோரும் படிப்பார்கள்.

அனுப்பாதே. உன் படிவத்துக்காக எத்தனை நாள் காத்திருப்பது? செப்டம்பரிலேயே மதுரைக்கு நேராக 'திருப்தி, உள்ளூர் மருத்துவரின் தகவல்' என்று நானே எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பை மேலே அனுப்பிவிட்டேன். நீ எழுதித் தருவாய் என்ற நம்பிக்கையில்தான். இப்போது உன் படிவம் வந்து சேர்ந்தால் பொய் எழுதியவன் நான் ஆவேன். வேலை போகும்.

மலைச்சாமி பிழைத்துவிட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு எதற்கு இந்த வீம்பு?

கிறிஸ்துராஜ்


வில்லாபுரம்
18-11-1974

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளிக்கு முந்தின நாள் பெரிய குழாயிலிருந்து பிரித்து நான்கு குழாய் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக முடியாது என்று சொன்ன வேலை, ஒன்றரை நாளில் முடிந்தது. மருது முதல் குழாயைத் திறந்து தலையைக் கொடுத்து நின்றான். அதன் பிறகுதான் முத்திரையை எடுத்தேன். ஊருக்கு மதியத்துக்குள் கறி கிடைத்துவிட்டது.

இப்போது உங்கள் விஷயம். சொல்லாததைச் சொன்னதாக என் தலையில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு குழாய் வந்துவிட்டதே, இனி திருப்தி என்றே இருக்கட்டும் என்று நீங்கள் சொல்லலாம். செப்டம்பரில் இல்லையே. இன்னும் எத்தனை ஊருக்கு நேராக இதே சொல் எழுதியிருக்கிறது? அந்த ஊர்களில் எந்த மலைச்சாமி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்?

என் படிவம் குழுத் தலைவருக்குப் போகத்தான் போகிறது. ஆனால் உங்களைக் குழியில் தள்ளிவிட்டு அனுப்ப மாட்டேன். இந்தக் கடிதம் எக்ஸ்பிரஸ் டெலிவரியில் வருகிறது, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையில் இருக்கும். பதிவுத் தபாலை அடுத்த திங்கட்கிழமைதான் இங்கிருந்து போடுவேன். உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது. நீங்களே போய், தவறாக எழுதிவிட்டேன் என்று திருத்துங்கள். வேலை போனால் வாருங்கள். என் சம்பளத்தில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அதைவிடச் சந்தோஷமாக உங்களுக்கு நான் சமைக்கப்போவது வேறு எப்போது?

உங்கள்,
பாக்கியம்


புதுதில்லி
20-1-1975

பிரியமுள்ள பாக்கியம்,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட அனுப்பவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

நான் திருத்தவில்லை. இயக்குநர் அறை வாசல் வரை மூன்று நாள் போனேன். பிறகு உன் தபால் வந்துவிட்டது. உன்னைப் பணிநீக்கம் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அதைத் தடுப்பதற்காகக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். 'மேற்படி பெண் மருத்துவர் தொழிலாளர்களின் தூண்டுதலால் உணர்ச்சிவசப்பட்டு எழுதியுள்ளார். பொருட்படுத்தத் தேவையில்லை. இடமாற்றம் போதுமானது.' நீ என் மனைவி என்று எழுதவில்லை. உன் வேலை தப்பியது இதனால்தான், இதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

பட்டியல் மாறவில்லை. கப்பலூர் ஆலைக்கு அனுமதி வந்துவிட்டது. ஏப்ரலில் திட்ட அதிகாரியாக வருகிறேன். நடந்ததற்கு வருந்துவதாக நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மாற்றலை ரத்து செய்து ஆலையில் உன்னை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன். நாம் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, பாக்கியம்.

உன்,
கிறிஸ்துராஜ்


கமுதி
2-2-1975

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வில்லாபுரம் போய் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு நேற்றுத்தான் வந்தது. அது வருவதற்கு முன்பே மாற்றல் உத்தரவை ஏற்றுக்கொண்டு நான் இங்கே வந்துவிட்டேன். வருந்துவதாக ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு சொல்தானே என்று போன வருஷம் கேட்டவரும் நீங்கள்தான்.

என் வேலையைக் காப்பாற்றியதாகச் சொல்கிறீர்கள். என் வேலை என்ன என்று நினைத்தீர்கள்? மாதச் சம்பளமா? பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் என் வேலை. பொருட்படுத்த வேண்டாம் என்று நீங்கள் அடித்துப் போட்டது அதைத்தான். ஒருவேளை யாரோ ஒரு அதிகாரி அப்படி எழுதியிருந்தால், போடா என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டைப் பார்த்திருப்பேன். என்னோடு ஒரே வகுப்பில் அடைப்பானைப் பற்றிப் பரீட்சை எழுதியவர், தெரிந்தே எழுதியிருக்கிறார்.

நான் கிளம்பிய அன்று தொட்டியிலிருந்து எல்லோரும் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். மலைச்சாமியின் வீக்கம் வடிந்துவிட்டது, கத்தி பிடிக்கிறார். விருமாண்டி எனக்கு டிக்கெட் வாங்கக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றார். ஒச்சாயி மட்டும் அழுதாள். "போற எடத்துலயும் இப்பிடியே சண்ட போடுவீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டாள். போடுவேன் என்றேன். "அப்பப் போயிட்டு வாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே வந்து ஒரு வாரத்தில், இந்த ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் கேட்டு நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். மூன்றாவதை நாளைக்கு எழுதுவேன். குழுவின் பட்டியலில் பதினோராவது இடத்தில் இருக்கிற வேலையைக் கமுதியில் முதலாவதாக வைத்து நடத்தப்போகிறேன். முடியாது என்று உங்கள் குழு நினைத்தால் வந்து பார்க்கட்டும்.

ஏப்ரலில் நீங்கள் மதுரைக்கு வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். கமுதிக்கு பஸ் இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பை உங்கள் கையாலேயே அடித்து, அது பொய் என்றும், அந்த மருத்துவர் உங்கள் மனைவி என்றும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் நகலோடுதான் நீங்கள் பஸ் ஏற வேண்டும். வெறும் கையோடு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். உங்களை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை. அப்படியிருந்தும் திறக்க மாட்டேன்.

பாக்கியம்
கால்நடை உதவி மருத்துவர்