வெண்முடிக் கோட்டத்திலிருந்து, எட்டாம் இணைக் காலுறை குறித்து

அலை ஓயாத முத்தலைத்துறையில் வீற்றிருந்து தண்கழி நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் வளவெழினிப் பெருமானின் திருமுன்னுக்கு, வெண்முடிக் கோட்டத்திலிருந்து அமைச்சர் அழிசி நாகனார் சொல்ல, ஓலை எழுதும் பெருங்கண்ணன் எழுதியது. பெருமானின் கழிகளில் மீன் பெருகுக. உப்பளம் விளையும் நாளில் மழை விலகி நிற்க. அரண்மனையில் யாவரும் நலமுற்று வாழ்க. இவ்விடத்தில் யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது வழக்கம். அந்த வரியை விட்டுவிடுமாறு அமைச்சர் பணித்தார்.

கணவாய்க்கு அப்பாலுள்ள காவற்கோட்டைக்கு மிதிவண்டியில் ஓலை சுமந்து செல்லும் பதினொரு வீரர்களுக்கு, பனிக்காலத்துக்கு ஏற்ற காலுறை எதுவென்று தேர்ந்து வருமாறு பெருமான் அமைச்சரை அனுப்பியது நினைவிருக்கும். அறுபது ஆண்டுகளாகக் கடல்மணலில் வெறுங்காலோடு நடந்தவரிடம் காலுறையைப் பற்றிக் கேட்டது பெருமானின் திருவுளம். அதில் எழுதுவோனுக்குக் கருத்து ஏதுமில்லை. குளிருக்குத் தடிப்பான உறை, கடுங்குளிருக்கு அதைவிடத் தடிப்பான உறை, இதில் ஆராய என்ன கிடக்கிறது என்று அமைச்சர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வந்து சேர்ந்த அன்றே அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

வீரர்களின் தலைவி தாயங்கண்ணியார், இருபது பனிக்காலம் கணவாய் கடந்தவர். அவருக்குப் பெருமான் சென்ற விழாவில் அரண்மனைத் தறியில் நெய்த பருத்திக் காலுறை ஏழு இணை அளித்துச் சிறப்பித்தார். போர்வையின்மேல் போர்வையாகப் போர்த்திச் சிறப்புச் செய்வது நம் நாட்டு முறைமை. அரசர் அணிவித்ததை அரசர் சொல்லாமல் களைவது பெருங்குற்றம். ஆகவே தாயங்கண்ணியார் ஏழையும் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, காலைத் தோற்காலணிக்குள் திணித்து, மலையேறி இறங்கி வந்தார். அவர் கால்விரல்கள் நாவற்பழ நிறமாகியிருந்தன. ஊசியால் குத்தியும் அவருக்கு உறைக்கவில்லை. சென்ற மாதம் சேர்ந்த சேந்தன் என்பவனுக்கோ எந்தச் சிறப்பும் கிடைத்ததில்லை. இடையரிடம் வாங்கிய, ஆட்டுவாடை அடிக்கும் தளர்ந்த கம்பளி உறை ஒரே ஓர் இணைதான் அவன் அணிந்திருந்தான். அவன் கால் சுட்ட கிழங்குபோல் இளஞ்சூடாக இருந்தது.

ஏழு அணிந்தவருக்குக் குளிரும், ஒன்று அணிந்தவனுக்குச் சூடும் எப்படி வரும் என்று அமைச்சர் திகைத்தார். சேந்தன் காலணிக்குள் தணல் ஒளித்திருக்கிறானோ என்று ஐயுற்று அதைக் கவிழ்த்து உதறச் சொன்னார். கொஞ்சம் மணல்தான் உதிர்ந்தது. பிறகு, ஏழு போதவில்லை போலும் என்று தீர்மானித்து, பெருமானின் பெயரால் எட்டாம் இணையை எடுத்து நீட்டினார். தாயங்கண்ணியார் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அணிந்தார். அவருக்கு மறுக்கும் உரிமை இல்லை என்பதை அமைச்சர் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் கணுக்கால்வரை மரத்துப்போயிற்று.

மருத்துவர் பூதனார் வந்து பார்த்து, இரண்டு நாளுக்குள் உறைகளைக் களையாவிட்டால் விரல்களை வெட்டி எடுக்க நேரும் என்றார். மேட்டில் மிதிக்கையில் கால் வேர்க்கும் என்றும், பருத்தி அந்த ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் என்றும், சரிவில் இறங்குகையில் காற்றுப்பட்டு ஈரம் பனியாகும் என்றும், நெருக்கிப் பிடித்த காலில் குருதி ஓடாது என்றும் விளக்கினார். அமைச்சர் மும்முறை கேட்டும் புரியாமல், தாமே எட்டு இணை அணிந்து, மிதிவண்டியில் அரைமலை ஏறி இறங்கினார். இரண்டு முறை விழுந்தார். கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று கூவினார். பின்பு சேந்தனின் உறையை வாங்கி அணிந்து மறுபடி போய்வந்தார். கால் சூடாயிற்று, குழப்பம் மட்டும் தீரவில்லை. அதிகம் கொடுத்தால் அதிகம் காக்கும் என்று இத்தனை காலம் அரசு நடத்திவிட்டோமே என்று புலம்பினார்.

பெருமானின் இசைவு பெற்று வர ஆறு நாள் ஆகும். கைவசம் இருந்ததோ இரண்டே நாள். அமைச்சர் ஆணையிட்டார், சினந்தார், கெஞ்சினார். இருபது ஆண்டு அரசர் சொல்லை ஓர் எழுத்தும் மாறாமல் சுமந்தவள், சில விரல்களுக்காக அவர் கொடையைக் களையமாட்டாள் என்று தாயங்கண்ணியார் மறுத்துவிட்டார்.

இன்று காலை அமைச்சர் தரையில் அமர்ந்து, அவர் கால்களைத் தம் மடியில் தூக்கி வைத்து, எட்டு இணையையும் தம் கையால் களைந்தார். தாயங்கண்ணியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரச இலச்சினை பொறித்த முதல் இணை தோலோடு ஒட்டியிருந்ததால் கத்தரிக்க வேண்டியதாயிற்று. வெந்நீரில் வைத்துச் சற்று நேரம் சென்றபின் வலி பொறுக்காமல் அவர் அலறினார். அதைக் கேட்டு அமைச்சர் விம்மி அழுதார். வலிப்பது நல்ல குறி என்று மருத்துவர் பிறகு சொன்னார். எட்டு விரல்கள் சிவந்துவிட்டன. இரு சிறுவிரல்களுக்கு இன்னும் உணர்வு வரவில்லை. அவை போனால் எட்டாம் இணை கொடுத்த தாமே அவ்விரல்களைக் கொன்றவர் என்று அமைச்சர் சொல்கிறார். எழுதுவோன் ஆறுதல் கூற முயன்று தோற்றான்.

களைந்தவர் அமைச்சர், தாயங்கண்ணியார்மேல் குற்றம் இல்லை. தண்டனை எதுவாயினும் அமைச்சர் இங்கேயே காத்திருந்து ஏற்பார்.

இனி ஆணை. வெண்முடியில் பனி கிடக்கும் நாள்வரை, மிதிவண்டி வீரர் ஒவ்வொருவரும் விரல் அசையும்படி தளர்ந்த கம்பளி உறை ஓர் இணை மட்டுமே அணிக. அதற்குமேல் எவர் கொடுத்தாலும், கொடுப்பவர் அரசரே ஆயினும், வாங்காது திருப்பி அனுப்புக. மார்கழித் திங்கள் ஒன்பதாம் நாள், பெருமான் அமைச்சரை நம்பிக் கையில் கொடுத்தனுப்பிய பெருமானின் சொந்த முத்திரையே இதன்மேல் இடப்பட்டது. பெருமானும் இதற்குக் கீழ்ப்படிக.