கயிற்றைக் கட்டிக்கொள்ளும் முன்

கீரமங்கலம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கார்முகிலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் உடம்பை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிங்கப்பூரில் நீ விடிந்ததுமே குடிக்க ஆரம்பித்துவிடுகிறாய் என்று உன்னோடு தங்கியிருக்கும் விக்ரம் லீவில் வந்தபோது சொன்னான். நான் பேச்செடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால் அவனிடமே இந்தப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புகிறோம். உள்ளே அப்பா வைத்த கருப்பர் கோயில் கயிறு இருக்கிறது. கையில் கட்டிவிட்டால் அன்றோடு குடியை விட வேண்டும், மீறினால் சாமி சும்மா விடாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்காமல் அதைக் கட்டிக்கொள்ளாதே.

உன்னோடு படித்த நாகராசு போய்விட்டான். அவன் குடியை நிறுத்த வீட்டில் அடித்துப் பார்த்தார்கள், போலீசில் பிடித்துக் கொடுத்தார்கள், அங்கே வாங்கிய அடியின் வலிக்கே திரும்பி வந்து குடித்தான். கடைசியில் அவன் பெண்டாட்டி சுகுணா கெஞ்சி ஆடி மாதம் கயிறு கட்டிக்கொண்டான். மறுநாளே கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, இல்லாத ஆட்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினான், பிறகு வலிப்பு வந்தது. "கயித்தோட திருட்டுத்தனமா குடிச்சுட்டான், சாமி குத்தம்" என்று வீட்டு ஆட்களே சொல்லி, ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் கோயில் வாசலில் கிடத்தி மன்னிப்புக் கேட்டார்கள். அங்கேயே அடங்கிவிட்டான். "அவரு ஒரு சொட்டுக்கூட தொடல அத்தை" என்று சுகுணா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அவன் தம்பி செல்லமுத்துவும் குடிதான். அவனைக் கயிறு கட்ட விடாமல் சுகுணா புதுக்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா திட்டவே இல்லை. நாள்பட்டுக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து, மாத்திரை கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். "அப்ப எங்க வீட்டுக்காரரு குடிக்காம இருந்ததாலதான் செத்தாரா" என்று சுகுணா கேட்டாள். அந்த அம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். செல்லமுத்து வீட்டுக்கு வந்தபின் ஒருதரம் மறுபடி குடித்தான், மறுபடி கூட்டிப் போனோம், அப்போதும் அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. இப்போது பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான், நாளைக்கு எப்படியோ தெரியாது. நம் பூசாரியும் இப்போதெல்லாம், "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்கப்பா, அப்பறம் கட்டுறேன்" என்கிறார். உன் அப்பாதான் உன் குடி ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டு, குளத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலில் போய் இந்தக் கயிற்றை வாங்கி வந்தார்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லாமல் இல்லை, நேரில் வந்தால் நாலு கேள்வி கேட்பேன், கேட்பதற்கு நீ இருக்க வேண்டும். பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது என்று கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: டாக்டரைப் பார்க்கும்வரை ஒரேயடியாக நிறுத்திவிடாதே. விக்ரமைக் கூட்டிக்கொண்டு உடனே போ, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல். கயிறு பெட்டியில் இருக்கட்டும், அவர்கள் சரி என்ற பிறகு கட்டிக்கொள்.

கருப்பர் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றட்டும், நல்லா இரு சாமி. பார்த்துவிட்டு வந்ததும் போன் போடு, திட்டமாட்டேன். நாகராசு கையில் இருந்த கயிற்றைச் சுகுணா அவிழ்க்க விடவில்லை, அதோடுதான் எரித்தார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்புச்செல்வி