மாற்று வழிக்குப் போட்ட பூட்டு

4 ஆகஸ்ட் 1997, திங்கள்

லீஸ்டு லைன் பதினேழு நாளாக ஒரு தடவைகூட விழவில்லை. என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது.

தாம்பரம் ஆபீசுக்கும் மறைமலைநகர் ஃபாக்டரிக்கும் நடுவே கம்ப்யூட்டர்களை இணைப்பது அந்த ஒரு வாடகை லைன்தான். அது அறுந்தால் ரூட்டர் தானாகவே மோடம் வழியாக ஃபாக்டரிக்கு போன் போட வேண்டும். முதல் வழிக்கு மதிப்பு 1, இரண்டாம் வழிக்கு 200 என்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் வழி உயிரோடு இருக்கும்வரை 200 தலைகாட்டாது. மார்ச்சில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தபோது நாற்பது நொடியில் மறுமுனை எடுத்துவிட்டது. எனக்கு வந்த பெருமை இருக்கிறதே! வீட்டில் இவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தூங்கிவிட்டார்.

மதியம் டெலிபோன் ஆபரேட்டர் தேவானந்தம் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். அவருக்குக் கண் தெரியாது. காலடிச் சத்தத்திலேயே யாரென்று சொல்லிவிடுவார். ஆபீஸ் போனில் வெளியூர் அரட்டை அதிகமாகிவிட்டதாம், எஸ்டிடியைப் பூட்டச் சொல்லி மேனேஜர் உத்தரவு. "டைப் அடிச்ச ஞானஜோதி நம்பரெல்லாம் சொல்லிட்டா. எது எந்த ரூம் போனுன்னு உங்களுக்குத்தான் தெரியும். படிச்சுப் பாத்து சொல்லுங்க மேடம், எல்லாத்தையும் பூட்டலாமா?" நான் ஃபாக்டரியோடு போனில் இருந்தேன். கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, "பூட்டுங்கண்ணா" என்றேன். தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

9 ஆகஸ்ட், சனி

மாதச் சோதனை. 'மாற்று வழி சோதிக்கப்பட்டது, சரி' என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோதிக்கவில்லை. ஏப்ரலிலிருந்தே இப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் லைனைப் பிடுங்கினால் ஃபாக்டரியில் கத்துவார்கள்.

21 ஆகஸ்ட், வியாழன்

வண்டலூர் பக்கம் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். காலை 10.50.

ரூட்டர் சரியாகத்தான் நடந்துகொண்டது. முதல் வழியை எடுத்துவிட்டு 200-ஐக் கொண்டுவந்தது. மோடம் டயல் செய்தது, எங்கேஜ்டு டோன். மறுபடி டயல், மறுபடி எங்கேஜ்டு. ஃபாக்டரியில் யாரோ அந்த போனை எடுத்துப் பேசுகிறார்கள் என்று நினைத்து அவர்களைத் திட்டினேன். யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ரூட்டரில் எழுதியதை வரிக்கு வரி பார்த்தேன். இரண்டரை மணி நேரம் போயிற்று. கடைசியில்தான் ஆபரேட்டர் ரூமுக்கு ஓடி, 47-ஆம் நம்பருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். "நாப்பத்தேழா? அது பூட்டித்தான் கீது. லிஸ்ட்ல இருந்துச்சே" என்றார்.

அதுதான் மோடம் நம்பர். மறைமலைநகருக்கு எஸ்டிடி இல்லாமல் எப்படிப் போகும்?

பூட்டைத் திறந்ததும் ஒரு நிமிடத்தில் லைன் வந்துவிட்டது. அதற்குள் பில் அடிக்க முடியாமல் கண்டெய்னர் லாரி ஃபாக்டரி வாசலிலேயே நின்று, ஹார்பரில் கப்பலைத் தவறவிட்டுவிட்டது.

22 ஆகஸ்ட், வெள்ளி

மேனேஜர் சுந்தரராமன் ரூமில் விசாரணை. "கண்ணு தெரியாதவர்கிட்ட டெலிபோன் போர்டைக் கொடுத்ததே தப்பு. ஏதோ ஒரு பட்டனை அமுக்கியிருக்கார்."

"இல்ல சார், மேடம் லிஸ்டப் பாத்து கையெழுத்துப் போட்டாங்க" என்றார் அண்ணன்.

"அப்படியாம்மா காமு?"

"ஞாபகம் இல்லை சார்."

நான்தான் சொன்னேன். என் வாய்தான். ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். கையெழுத்து வெளியே வந்தால் ரெஜிஸ்டர் வரும், ரெஜிஸ்டர் வந்தால் ஏப்ரலிலிருந்து போட்ட பொய்யெல்லாம் வரும். அடுத்த மாதம் பெங்களூர் ட்ரெய்னிங் வேற இருக்கு. இப்ப போய் இப்படியா...

அண்ணன் கான்ட்ராக்ட் ஆள். மாதக் கடைசியோடு நிறுத்திவிடப் போகிறார்களாம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

நான் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இடது டிராயர், நீல ஃபைல், மேலிருந்து மூன்றாவது.

இவரிடம் சொன்னேன். "யாரும் கேக்கலைன்னா நீயா ஏன் போய் மாட்டிக்கறே? அவருக்கு வேற எடம் கெடைக்கும்" என்றார். கிடைக்குமா? ஐம்பத்திரண்டு வயதில்? சிட்லபாக்கம் ஏரிக்கரை வரை தனியாக நடந்துவிட்டு வந்தேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

தாளையும் ரெஜிஸ்டரையும் சேர்த்தே மேனேஜர் மேஜையில் வைத்தேன். ஐந்து மாதப் பொய்யையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பெங்களூருக்கு வேற ஆளை அனுப்பிக்கிறேன்" என்றார். எனக்கு மெமோ. அண்ணன் வேலை தப்பியது.

ஆபரேட்டர் ரூமுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"ஞாபகம் இல்லேன்னு சொன்னீங்க பாருங்க, அந்தக் கொரல்லயே தெரிஞ்சிபோச்சு மேடம். பொய் சொல்ற கொரலு நாளு பூரா கேட்டுகினுதானே கீறேன். மூணு நாளு எடுத்துக்கினீங்க."



3 செப்டம்பர், புதன்

கேபிள் வெட்டு திரும்பவும். முப்பத்தெட்டு நொடியில் மாற்று வழி வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

27 செப்டம்பர், சனி

மாதச் சோதனை. ஃபாக்டரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பதினொன்றரைக்குக் கேபிளை நானே பிடுங்கினேன். அண்ணன் போர்டு ரிசீவரைக் காதில் வைத்து, மோடம் டயல் செய்வதையும் மறுமுனை எடுப்பதையும் கேட்டார். "போச்சு... எடுத்துகிச்சு." நாற்பத்தொரு நொடி.

பூட்டிய நம்பர்களின் புது லிஸ்டும் இனி ரெஜிஸ்டரிலேயே இருக்கும். அதில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். நானே கேட்டு வாங்கிய ஏற்பாடு. லிஸ்டைப் படித்துக் காட்டினேன். பதினான்கு நம்பர், ஒவ்வொன்றும் எந்த ரூம், யார் போன் என்று நிறுத்தி நிறுத்தி. ஒன்றையும் விடவில்லை.

"சரி மேடம்" என்றார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே ஞானஜோதியைக் கூப்பிட்டு, அதையே முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். படி என்று தலையசைத்தேன்.