நெஞ்சுக்குள் யாரோ படி ஏறுகிறார்கள்

என் வயிற்றில் பிறந்து என்னோடு பேசாமல் இருக்கும் மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி மேஜை மேலேயே கிடக்கும், என்றைக்காவது கண்ணில் படும். அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்ற கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவர் என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேனாவை எடுக்கும்போதெல்லாம் இன்னும் அவரை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

உன் மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள். உடம்பு இளைக்க வயிற்றைச் சின்னதாக்கித் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். "வயித்துல கத்தி வெச்சுக்கிட்டு வந்தா என் மூஞ்சியில முழிக்காதே" என்று நீ அவளிடம் சொன்னதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நீயேதான் சொன்னாய், ஏதோ பெரிய சாதனை மாதிரி. எனக்கு மறக்காது.

அவள் வேலை பார்க்கிற டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தபோது நாற்காலி உடைந்து விழுந்த கதை உனக்குத் தெரியுமோ தெரியாதோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்ற ஒருவன், "ரெண்டு சீட்டு போடும்மா. எனக்கில்ல, உனக்கு" என்றானாம். வரிசையே சிரித்திருக்கிறது. இவள் தரையிலிருந்து எழுந்து, நின்றபடியே மீதிப் பேருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போய்ப் பேர் கொடுத்துவிட்டாள். அந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ் ஏறும்போதெல்லாம் ஒவ்வொருவனையும் இவனாக இருக்குமோ என்று முறைத்துப் பார்க்கிறேன்.

சாப்பாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வடிகட்டின சூப்பை ஸ்பூனால் குடிக்கிறாள். ஒரு கிண்ணம் குடித்து முடிப்பதற்குள் நான் துணி துவைத்துக் காயப்போட்டு வந்துவிடுவேன். மாத்திரையை முழுதாக விழுங்கக் கூடாது, பொடியாக்கிக் கரைத்துக் குடி என்று சொல்லியிருக்கிறார்களாம். காலையில் பழைய பிரஷர் மாத்திரை, புது சத்து மாத்திரை எல்லாவற்றையும் என் சின்ன உரலில் போட்டு இடிக்கிறாள். வளையல் தானாகக் கழன்று விழுகிறது. சட்டைக்குள் இன்னொருத்திக்கு இடமிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு விஷயம். காலை வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வரும் நேரத்தில் அவள் அடங்கிப்போகிறாள். பேச்சு நின்றுவிடுகிறது. கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஒருநாள் என்னடி பண்ணுது என்று கேட்டேன். "பாட்டி, நெஞ்சுக்குள்ள யாரோ படி ஏறுறாங்க. ரெண்டு படி ஏறிட்டு நிக்கிறாங்க. நின்னு காது குடுத்துக் கேக்குறாங்க" என்றாள். என்னத்தைக் கேட்கிறார்கள் என்றேன். "தெரியல. நானும் மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கேக்குறேன். அப்புறம் மறுபடி ஏறுறாங்க" என்றாள்.

இதே வார்த்தையை நான் முன்பு கேட்டிருக்கிறேன். என் அக்கா சொன்னாள். உன் பெரியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் உனக்குத் தலை பின்னி விட்டதெல்லாம் அவள்தான். நெஞ்சுக்குள் யாரோ படி ஏறுவதாக அவள் சொன்னபோது அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "வேலைக்கு உடம்பு வணங்கல, பழி நெஞ்சு மேல." டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நான் சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்னான். செத்ததை மன்னித்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதை இன்னும் மன்னிக்கவில்லை. அத்தான் சங்கதி வேறு. அவர் சாவுக்குப் போனேன், தெருவோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அக்கா சொன்ன அந்தப் படி விஷயத்தை நான் உன் மகளிடம் சொன்னதே இல்லை. உன்னிடமும் சொன்னதில்லை. இவளுக்கு இப்போது அக்கா போன வயசு.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றால் வர மறுக்கிறாள். படபடப்பு, மயக்கம் எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறார்களே என்றேன். "எல்லாருக்கும் வர்ற வீக்னஸ்தான் பாட்டி" என்றாள். வற்புறுத்தினால் பையைத் தூக்கிக்கொண்டு தனி ரூமுக்குப் போய்விடுவேன் என்கிறாள். போட்டுக் குடைந்த பிறகு உண்மை வந்தது. "நான் திரும்பப் போய் அங்க படுத்தா, இந்த ஆபரேஷன் ஆகாதுன்னு அம்மா சொன்னது சரின்னு ஆயிடும்."

இந்தப் பிடிவாதம் எந்த வழியில் வந்தது என்று எனக்குத் தெரியும். என்னைத் திட்டிக்கொள். ஆனால் நீ ஒரு வார்த்தை "போடி" என்று சொன்னால் போவாள், வேறு யார் சொன்னாலும் நகர மாட்டாள். அடுத்த வீட்டு டீச்சர் அவளைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா

*

மகளுக்கு அம்மா எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த முறை.

டீச்சர் நீ அனுப்பிய பதிலைக் காட்டினாள். ஒரே வரி. "பெரியம்மா போட்டோ எங்க கெடச்சுது?" டீச்சர், "உங்க பொண்ணுக்குத் தமாஷ் ஜாஸ்தி" என்று சிரித்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். என் அக்கா ஆயுசில் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. எடுக்க அந்த மனுஷன் விடவில்லை.

அது உன் மகள். நம் சமையலறை ஜன்னல் ஓரம், என் பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இதுவரைக்கும் என் கண்ணில்தான் கோளாறு என்று இருந்தேன். இப்போது நீயும் பார்த்துவிட்டாய். சதை இறங்க இறங்க உள்ளேயிருந்து ஒரு முகம் மேலே வருகிறது. தண்ணீர் வற்ற வற்றக் குளத்தின் அடிப்படிகள் தெரிய வருகிற மாதிரி. முதலில் கன்னத்து எலும்பு வந்தது. பிறகு மோவாயில் அந்தக் குழி. இப்போது இடது இமை கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது, அக்காவுக்கு நின்ற மாதிரியே.

ரத்த சம்பந்தம், ஜாடை இருக்காதா என்பாய். ஜாடை என்றால் நாள் முழுக்க இருக்க வேண்டாமா? மத்தியானத்துக்கு மேல் இவள் இவளாகிவிடுகிறாள். போனைப் பார்த்துச் சிரிக்கிறாள், என் சூப்பைப் பழிக்கிறாள். "பாட்டி, இது சூப்பா, பாத்திரம் கழுவுன தண்ணியா?" என்கிறாள். மறுநாள் காலை மாத்திரை இடிக்கிற சத்தம் கேட்கும், குடிப்பாள், ஜன்னலுக்குப் போவாள். கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்துவிடும். அந்த முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முகத்தோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நேற்று துண்டின் ஓரத்தை விரலால் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சேலை ஓரத்தை அப்படித்தான் செய்வாள், பேச்சு கேட்காதபோது. பக்கத்தில் போய் என்னம்மா என்றேன். என்னைப் பார்க்காமல், "வெயில் போகட்டும், போகலாம்" என்றாள். எங்கே என்று கேட்டேன். துண்டின் ஓரத்தை மறுபடி சுருட்டினாள். பட்டப்பகல், தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்துகிறான், நான் போய் வாசல் கதவைத் தாழ் போட்டேன்.

இன்றைக்குப் பாத்ரூம் கதவில் சாய்ந்தபடியே சரிந்துவிட்டாள். நெற்றியில் புடைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. திறந்ததும் முதல் வேலையாக, இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கினாள். நான் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

நீ அந்த ஓட்டலில் ஊர்ப்பட்ட துணியை வெளுக்கிறாய், நேரம் இல்லைதான். உன் பெரியம்மாவை ஒரே பார்வையில் கண்டுகொண்டாய். பெற்ற மகளைக் கண்டுகொள்ளவில்லை. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் சொல்கிறேன். அக்கா வாயைத் திறந்து சொன்னபோது அதை நம்பி அழைத்துப்போக ஒரு ஆள் இல்லை. இவளுக்கு ஆள் இருக்கிறாய். கடிதம் கைக்கு வந்த நிமிஷமே போன் பண்ணு. சண்டை போட வேண்டுமானால் போடு. ஆனால் போகச் சொல்லு.

உன் கோபம் குறையட்டும், ஆயுசு கூடட்டும்.
அம்மா

*

மகளுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே. முழுதும் படி.

நீ போன் பண்ணினாய். அதை உன் கணக்கில் நல்லதாகவே எழுதிவைப்பேன். நேரம்தான் அமையவில்லை. வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டிருந்தது. அம்மாடி, உன் அம்மா பேசுறா என்று நான்தான் போனை அவள் காதில் வைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "மிளகு, தலை பின்னிக்கிட்டியாடி?" என்றாள். அந்தப் பக்கம் நீ "ஐயோ" என்றது எனக்கும் கேட்டது. அப்புறம் லைன் இல்லை.

உன்னை மிளகு என்று கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் போன பிறகு அந்தப் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை. உனக்கும் எனக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால் நீ போனை வைத்ததற்கு உன்னைத் திட்டவில்லை. நானும் வைக்கிற இடத்தில் இருந்திருந்தால் வைத்திருப்பேன். ஆனால் அவள் என் தோள் மேல் சரிந்துகொண்டிருந்தாள். விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

டீச்சரைக் கூப்பிட்டேன். டீச்சர் வீட்டுக்காரர் காரை எடுத்தார். வழியெல்லாம் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நாடி ஒரு அடி அடிக்கும். அடுத்ததற்குள் கார் ஒரு தெருவையே தாண்டிவிட்ட மாதிரி இருக்கும்.

உள்ளே நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். தலைமாட்டில் டிவி மாதிரி ஒன்றில் பச்சைக் கோடு ஓடியது. மகளே, நான் அதைப் பார்த்தேன். ஏறுகிறது, இறங்குகிறது, அப்புறம் சும்மா நீளமாக நிற்கிறது. அவள் சொன்னது அப்படியே. யாரோ ஏறி வந்து நின்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். நர்சு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றாள். எனக்கு என்ன வந்ததோ, அந்தக் கோட்டைப் பார்த்து வாய்விட்டே சொல்லிவிட்டேன். "வர்றேன்னு சொல்லிட்டு வராம போனவளே, இப்ப எவ கூப்பிட்டு வந்த? எங்கிட்ட கோபம்னா எங்கிட்ட வா. நான் எத்தனை வருஷமா வாசல்லதான் இருக்கேன். இவள விடு. ஏறுன படிய இறங்கு." நர்சு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

வந்தது சின்ன வயசு டாக்டரம்மா. என்னென்ன மாத்திரை, எப்படிக் குடிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றையும் சேர்த்து இடித்துக் குடிக்கிறாள் என்றேன். அவள் முகம் மாறியது. பழைய பிரஷர் மாத்திரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற ஜாதியாம். அது நெஞ்சு அடிப்பை அடக்குகிற மருந்தாம். பொடியாக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே வாயில் இறங்கிவிடுமாம். போதாததற்கு, இளைத்த உடம்புக்கு அந்த அளவே அதிகமாம், தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லையாம். சத்து மாத்திரையைத்தான் பொடியாக்கச் சொன்னார்கள். இவள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டாள். "இடிக்கக் கூடாதத இடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். ஆபரேஷன் நல்லா இருக்கு, நெஞ்சும் நல்ல நெஞ்சுதான் பாட்டி" என்றாள். ஆகவே நீ சொன்னதும் சரியாகிவிடவில்லை. இவள் பயந்ததும் நடக்கவில்லை. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மருந்து வேகம் இறங்க இறங்கக் கோடு நெருக்கமாக ஓட ஆரம்பித்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்களாம்.

காலை நேரத்து மயக்கத்துக்கு அந்த மாத்திரைதான் காரணம் என்பது எனக்கும் புரிகிறது. கை சில்லிட்டதும் விழுந்ததும் அதனால்தான். மருந்துக்கு உன் சின்ன வயசுப் பெயர் எப்படித் தெரியும் என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் ஒரு கட்டில் போட்டுவிடுவாள்.

இன்றைக்குக் கண் விழித்தாள். முகம் இன்னும் ஒட்டிப்போய்த்தான் இருக்கிறது, ஆனால் இவள் முகம். முதலில் கேட்டது, "அம்மா பேசினாங்களா?" அவள் உன்னோடு பேசியது அவளுக்குத் துளியும் ஞாபகமில்லை. "பேசினா. ஆஸ்பத்திரிக்குப் போடின்னு சொன்னா. நீதான் மயக்கத்துல இருந்த" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "வேற என்ன சொன்னாங்க?" என்றாள். "மீதிய உங்கிட்டயே சொல்றேன்னா" என்றேன். அதற்குப் பிறகு போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். நர்சு எடுத்து வைத்தாலும் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். மணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கோடு துள்ளுகிறது. இதுவரை அடித்ததெல்லாம் டிக்கெட் ஆபீஸ்காரர்கள்.

மகளே, பொய் சொன்னது நான். அதை மெய்யாக்க உன் ஒருத்தியால்தான் முடியும். அந்த மீதியை அவளுக்குச் சொல். காலையில் பேசப் பயமாக இருந்தால் சாயங்காலம் பேசு. எந்தக் குரலில் பேசினாலும், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி. தலை பின்னிக்கிட்டியா என்று மறுபடி கேட்டால், ஆமா பின்னிக்கிட்டேன், நீ சாப்பிட்டியா என்று கேள். வைத்துவிடாதே.

நீயும் உன் மகளும் என்னைத் தாண்டி நெடுங்காலம் இருங்கள், பேசிக்கொண்டு இருங்கள்.
அம்மா