பிரேக் பட்டை மட்டும் புதுசு

மார்ச் 3, செவ்வாய்

மரம் வெட்டும் மூன்று செத்த செயின்சா ரம்பங்களிலிருந்து ஒன்று உயிரோடு எழுந்தது. ஒன்றின் சிலிண்டர், இன்னொன்றின் கார்புரேட்டர், மூன்றாவதன் டேங்கும் கைப்பிடியும். எல்லாம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியவை. சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் ஈஷிக் கிடந்தது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். நுரைப்பது நின்றால் அலுமினியம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எமரித் தாள். மூன்று மணி நேரம்.

என் வீட்டுக்காரர் தான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "கக்கூஸ் கழுவி ரெண்டு வாரம் ஆச்சு, மிஷின் மட்டும் பளபளன்னு இருக்கு."

ஸ்டார்ட்டர் கயிற்றின் ஏழாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் தேற்றிய பதினேழாவது ரம்பம்; எண் 17 என்று அடியில் பொறித்தேன்.

எல்லாம் பழசு. பிரேக் பட்டை மட்டும் புதுசு. அதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வெட்டும்போது ரம்பம் முகத்தைப் பார்த்து எகிறினால், முன்னால் இருக்கும் தடுப்பில் மணிக்கட்டு இடிக்கும், பட்டை செயினைச் சுழற்றும் டிரம்மைக் கவ்வும், செயின் நின்றுவிடும். உதிரிபாகக் கடையில் பதினோரு வருஷம் நின்றவள் நான். கடையை மூடியபோது எனக்கு மிஞ்சியது இந்த அறிவு ஒன்றுதான்.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்குக் கையில் ஒட்டிய பெட்ரோல் வாடை மூன்று சோப்புக்கும் போகவில்லை. அவ்வளவுதான் விசேஷம்.

மார்ச் 9, திங்கள்

மதியம் அண்ணன் போன் செய்தான். மரம் வெட்டும் கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருக்கிறான். எந்த ஆள் எந்த மரத்துக்கு என்று பிரித்து அனுப்புவது அவன் வேலை. நான் தேற்றிய ரம்பங்கள் ஆறு அங்கே ஓடுவதும் அவன் சிபாரிசில்தான்.

"மீட்டருக்கு அடிபட்டிருச்சு."

மீட்டர் என்பது பட்டப்பெயர். மரத்தை அண்ணாந்து பார்த்தே உயரம் சொல்வார், அரை அடி தப்பாது. சாய்ந்து கிடந்த மரத்தில் கிளை கழிக்கும்போது ரம்பம் எகிறி இடது தோளைக் கிழித்துவிட்டதாம். உயிருக்கு ஆபத்து இல்லை.

"எந்த ரம்பம்?"

"உன்னோடதுதான். பதினாலு."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எண் 14, ஜனவரி. புதுப் பட்டை, புது ஸ்பிரிங், பத்து முறை சோதனை. மீட்டரே வந்து வாங்கிப் போனார். தடுப்பைத் தட்டினதும் செயின் டக்கென்று நின்றது. "சொன்ன பேச்சு கேக்குது, எங்க வீட்ல யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க" என்று சிரித்தார்.

அப்புறம் எப்படி? ஸ்பிரிங்கைச் சரியாக மாட்டினேனா? மாட்டினேன். மாட்டினேனா?

மார்ச் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் மீட்டரின் மனைவி. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குப்பையில பொறுக்கின சாமானாமே, அதுல செஞ்சதாமே?"

"யார் சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரியெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்கள். ஆனால் 'எல்லாரும்' என்பதில் முதல் ஆள் ஒருத்தன் இருப்பான் அல்லவா? அவன் யார்?

மார்ச் 11, புதன்

கான்ட்ராக்டர் ஆபீஸ். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, நானாகவே உட்கார்ந்தேன்.

"பிரேக் புடிக்கலம்மா. அவ்வளவுதான் விஷயம்."

"மிஷினைக் காட்டுங்க."

"லேபர் ஆபீசர் விசாரணைக்கு வராரு. பூட்டி வெச்சிருக்கு. அதெல்லாம் விடும்மா. உங்க அண்ணன்தான் அன்னிக்கே வந்து உனக்காக மன்னிப்புக் கேட்டுட்டாரே."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

மன்னிப்பா? யாரைக் கேட்டுக் கேட்டான்? என்ன தப்புக்குக் கேட்டான்? நான் அந்த ரம்பத்தைத் திறந்துகூடப் பார்க்கல, அதுக்குள்ள என் சார்பா தலையைக் குனிஞ்சுட்டு வந்துட்டான்! போன் போட்டேன்.

"உன் நல்லதுக்குத்தான். கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா நீ தாங்குவியா? பொம்பள, ஏதோ தெரியாமப் பண்ணிட்டா, பெருசு பண்ணாதீங்கன்னு சொன்னேன். முடிஞ்சது."

தெரியாம! பதினேழு ரம்பம். ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்து, சோப்புத் தண்ணி தடவிக் காத்துக் கசியுதான்னு பார்த்து, கார்புரேட்டர் ஓட்டைக்குள்ள ஒத்தைக் கம்பி இழையை விட்டு எடுத்து... தெரியாமப் பண்ணிட்டேனாம். அவனுக்கு ஸ்பார்க் பிளக் எந்தப் பக்கம் திருகினா கழலும்னு தெரியுமா? கேட்டுப் பார்த்திருக்கணும். போனை வைத்த பிறகுதான் எல்லா வார்த்தையும் வரிசையில் வந்து நிற்கிறது, வழக்கம் போல.

மார்ச் 13, வெள்ளி

இரண்டு நாளாகப் பாத்திரங்கள்தான் பேசுகின்றன. இன்று வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நீ போடற சத்தம் எனக்கு நல்லாக் கேக்குது. கேக்க வேண்டியவங்களுக்குத்தான் கேக்கல."

மார்ச் 14, சனி

எழுத உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகிறது.

காலையில் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு, சாலையை அகலப்படுத்த மரம் வெட்டும் இடத்துக்குப் போனேன். எண் 14-ஐத்தானே பூட்டி வைத்திருக்கிறார்கள்? மற்ற ஐந்தும் லாரி நிழலில் வரிசையாக இருந்தன. என் கையால் பொறித்த எண்கள். ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே பதினொன்றைத் தூக்கினேன். முன் தடுப்பு ஆடும் பல் மாதிரி கடகடவென்று ஆடியது. இரண்டு நட்டைக் கழற்றி மூடியைத் திறந்தேன்.

பட்டை இல்லை. ஸ்பிரிங் இல்லை. அவை இருந்த பள்ளத்தில் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து இறுகிக் களிமண்ணாகக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால்கூட வரவில்லை. ஒரு நாளில் சேர்ந்த தூள் இல்லை அது. ஒன்பதைத் திறந்தேன். அதுவும் அப்படியே. பன்னிரண்டும்.

"யாரு கழட்டினது?"

டீ கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். கடைசியில், காதில் எப்போதும் பஞ்சு வைத்திருக்கும் ஒருவர் வாயைத் திறந்தார்.

"அக்கா, சும்மா சும்மா பிரேக் விழுந்து வேலை நின்னுபோகுதுன்னு ஓனர் கழட்டச் சொன்னாரு. போன மாசமே."

"மீட்டரோடதும்?"

"எல்லாத்துலயும்தான்."

"கழட்டினது யாரு? உங்ககிட்ட ஸ்பேனர்கூடக் கிடையாதே!"

அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் தரையைப் பார்த்தார்.

"உங்க அண்ணன்தான்க்கா."

மார்ச் 15, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைப் பாதி திறந்து, "அவரு வெளிய போயிருக்காரே" என்றார். அவன் செருப்பு இரண்டும் வாசலில் கிடந்தன. செருப்பைப் பார்த்தேன், அண்ணியைப் பார்த்தேன். அண்ணியும் செருப்பைப் பார்த்தார். பாவம், அவர் என்ன செய்வார்.

"வெறுங்காலோட ரொம்ப தூரம் போக முடியாது அண்ணி. வந்ததும் சொல்லுங்க" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

மன்னிப்புக் கேட்டானே, அது எனக்காகவா? தன் கையால் கழற்றியதை என் தலையில் மாட்டிவிட்டு, அதற்கு நல்லது என்று பெயரும் வைத்திருக்கிறான். சின்ன வயதில் சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு என்னைக் கைகாட்டுவான். அப்போது அவனுக்குப் பத்து வயது. இப்போது நாற்பத்தெட்டு.

மார்ச் 18, புதன்

மீட்டர் உட்கார்ந்திருக்கிறார். தோளிலிருந்து முழங்கை வரை கட்டு.

"தங்கச்சி, பிரேக் இல்லேன்னு தெரிஞ்சுதான் புடிச்சேன். வேலை போயிருமோன்னு பயம். உன் பேர் அடிபடும்னு நெனக்கல."

அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார். "தெரிஞ்சேவா? தெரிஞ்சேவா புடிச்ச?"

ஆபீசரிடம் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மீட்டர் ஜன்னலைப் பார்த்தார். "ஓனர்தானே ஆஸ்பத்திரியில சேத்தாரு. ஒருத்தர் சோத்தைத் தின்னுட்டு..."

"அடி பட்டது தோள்லதானே? வாயில இல்லையே?" என்றார் மனைவி.

பிறகு மீட்டர் என்னிடம் பேப்பர் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதினார். வலது கையால் மீட்டர் கையெழுத்துப் போட்டார். வாசல் வரை வந்த அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

மார்ச் 23, திங்கள்

விசாரணை. ஒரு மேஜை, ஆபீசர், கான்ட்ராக்டர், நான், மீட்டரின் மனைவி. கதவோரம் அண்ணன். மேஜைமேல் பதினாலு. செயினில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. நான் தேற்றிய ரம்பத்தை அப்படிப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

"இந்தம்மா பிரேக்கே போடாமக் குடுத்திருக்காங்க சார்" என்றார் கான்ட்ராக்டர். பன்னிரண்டு நாள் முன்னால் 'பிடிக்கவில்லை', இன்றைக்கு 'போடவே இல்லை'!

நானே மூடியைத் திறந்தேன். இறுகிய தூளைக் காட்டினேன். கிளட்ச் டிரம்மைத் துடைத்துவிட்டு ஆபீசர் பக்கம் திருப்பினேன். ஜனவரியில் நான் எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பரப்பில், சுற்றிலும் பட்டை உரசிய தடம்.

"இல்லாத பட்டை எப்படி சார் உரசும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார். மற்ற ஐந்தையும் கொண்டுவரச் சொன்னார். மீட்டரின் கடிதத்தைப் படித்தார். அதில் அண்ணன் பெயர் இருந்தது. கதவோரம் திரும்பி, "நீங்கதான் கழட்டினீங்களா?" என்றார்.

அண்ணன் கான்ட்ராக்டரைப் பார்த்தான். கான்ட்ராக்டர் போனைப் பார்த்தார்.

"ஆமா. இவரு சொன்னாரு."

அவ்வளவுதான். ஒரு 'ஆமா'. இரண்டு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ஏப்ரல் 2, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. மீட்டரின் வைத்தியம் முழுவதும் கான்ட்ராக்டர் பொறுப்பு. பிரேக் இல்லாத ரம்பம் எதுவும் ஓடக் கூடாது.

காலையில் கான்ட்ராக்டரின் டிரைவர் ஐந்தையும் சாக்கில் கட்டி வாசலில் இறக்கினார். "எல்லாத்துக்கும் பிரேக் போட்டுத் தரணுமாம்." ஒரு 'தப்பாச் சொல்லிட்டேன்' கிடையாது. ஒரு பேப்பர் கிடையாது. சாக்கு!

திருப்பி ஏற்றச் சொன்னேன். யார் பிடிக்கிற ரம்பமோ அவரவர் கொண்டு வரட்டும், என் முன்னால் தட்டிப் பார்க்கட்டும், பிறகு கொடுக்கிறேன். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சாயங்காலமே ஐந்து பேரும் வந்தார்கள். காதுப் பஞ்சுக்காரர் முதலில். பஞ்சை எடுத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார்.

மீட்டரின் கை தோளுக்கு மேல் எழும்பாதாம். டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரிகிறது. திட்டி என்ன? கை எழும்பாது.

அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அண்ணி சொன்னார். நான் 'ஓ' என்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பின்கட்டில் பதினெட்டை ஓடவிட்டுக் கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசற்படியில் அண்ணன். இளைத்திருந்தான். நான் ரம்பத்தை அணைக்கவில்லை. அவன் ஏதோ சொன்னான். வாய் அசைந்தது தெரிந்தது, இந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்? கேட்காது என்று தெரிந்துதான் அப்போது சொன்னான். அவனை எனக்குத் தெரியாதா?

ஸ்விட்சை அணைத்தேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சொல்லிட்டேன்."

"எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லு."

படியிலிருந்து இறங்கி வந்தான். பிறகு சொன்னான். முழுதாக. எந்த ஸ்பேனரால் எதைக் கழற்றினான், யாரிடம் என் பெயரை எப்படிச் சொன்னான் என்பது வரை. பாதியில் வார்த்தை தேடினான். நான் உதவிக்குப் போகவில்லை. முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபம் இருக்கிறது, இன்னும் ரொம்ப நாள் இருக்கும் போலிருக்கிறது. ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்தான்.

கயிற்றை இழுத்தேன். கார்புரேட்டரை இன்னும் கால் திருகு திருக வேண்டியிருந்தது.