தட்டம் ஏந்திய மாப்பிள்ளை

என் அன்பு மகள் சிவகௌரிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் அந்தப் பனிக்குள் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். இங்கே என் முழங்காலும் மனமும் தவிர மற்றதெல்லாம் சுகம்.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தது யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு ஆளுக்கொரு கதை உனக்குச் சொல்லுவார்கள். அறுபதாவது பிறந்தநாள் கொண்டாடிய உன் அண்ணன் கேதீஸ்வரன், அவன் பெண்சாதி விமலாதேவி, அவர்களின் மகள் ஹம்சா, இங்கே டொக்ரருக்குப் படித்து முடித்து அவர்களுடனேயே தங்கியிருக்கும் உன் மகள் தர்ஷனா, அவளுடைய ஆஸ்பத்திரிச் சிநேகிதிகள், சங்கத்தில் பெரிய ஆள் என்று கேதீஸ் தலையில் வைத்துக் கொண்டாடும் சென்னைக்காரர் சடகோபன், பக்கத்து ஊர்களான டூங்கபியிலும் செவன் ஹில்ஸிலும் உள்ள எங்கள் ஆட்கள் ஒரு மண்டபம் நிறைய, ஒரு மூலைக் கதிரையில் நான். பிறகு சுஜீதன். அவனைத்தான் கடைசியில் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவனுக்குத்தான் அன்றைக்குக் கதிரை இருக்கவில்லை.

நீ நேற்று ரெலிபோனில், அம்மா நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அந்தப் பொடியன் கேட்பான், கூப்பிட்டுச் சமாதானம் பண்ணுங்கோ என்று அழுதாய். வாயால் பதில் சொன்னால் பாதியிலேயே விடுங்கோ அம்மா என்று மறித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன், கடிதத்தை மறிக்க ஏலாது.

அறுபதாம் கலியாணம் செய், கோயிலில் அபிஷேகம் செய்து நாலு பேருக்குச் சோறு போடு என்று உன் அண்ணனுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். விமலாதேவி கேட்கவில்லை. நூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்கா மாதிரித்தான் செய்ய வேண்டுமாம், அதுதான் இப்போது நாகரிகமாம். ஆம்பிளைகள் கறுப்புக் கோட்டும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிப் போ டையும், பெண்டுகள் தலையில் கோழி இறகு செருகி முழங்காலுக்கு மேலே நூல் தொங்கும் சட்டை. எழுபது வயதுக் கிழவிகளும் இறகோடு வந்து நின்றார்கள். வாசலில் அட்டையில் வெட்டிய பழைய கார், அதற்குள் ஏறி இருந்து படம். தேத்தண்ணிக் கோப்பையில் எனக்கு ஒன்று கொண்டுவந்து தந்தார்கள், வாயில் வைத்தால் சாராய நாற்றம், துப்பிவிட்டேன். அந்தக் காலத்தில் அங்கே குடி தடையாம், அதனால் பணக்காரர் களவாகத் தேத்தண்ணிக் கோப்பையில் குடித்தார்களாம், அதைத்தான் இவர்கள் நடித்துக் காட்டுகிறார்களாம். குடிக்கிறவன் கிளாசில் குடியேன், எதற்குத் தேத்தண்ணியை அவமானப்படுத்துகிறாய்.

அந்த அமெரிக்காவைப் பற்றி எனக்கு இவர்களைவிடக் கூடத் தெரியும். ஹம்சா கடைசி வகுப்புப் பரீட்சைக்கு அதைத்தான் படிக்கிறாள், உங்களுக்குச் சொன்னால்தான் அப்பம்மா எனக்கு மனதில நிக்குது என்று தினமும் என் கட்டிலில் இருந்துகொண்டு தமிழும் இங்கிலீசுமாகச் சொல்லுவாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனால் காதில் விழுந்தது போகாது. ஒரு யுத்தம் முடிந்து மற்ற யுத்தம் வருமுன் அங்கே காசு கொழுத்ததாம், காரும் றேடியோவும் கடனுக்கு வாங்கினார்களாம், பெண்டுகள் தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்களாம். அதே நேரத்தில் முகத்தை மூடி வெள்ளை அங்கி போட்டவர்கள் பட்டப்பகலில் ஊர்வலம் போனார்களாம். முதல் கப்பலில் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், பிறகு கப்பலில் வந்தவர்களைப் பார்த்து இனி இடமில்லை என்று சட்டம் போட்டார்களாம், எங்கள் நிறத்து ஆட்களுக்கு ஒரேயடியாகக் கதவடைப்பாம். கடைசியில் எல்லாம் ஒரு நாளில் கவிழ்ந்து கோட்டுப் போட்டவனும் சூப்புக்கு வரிசையில் நின்றானாம். இதில் இறகையும் கோப்பையையும் மட்டும் பொறுக்கியெடுத்துக் கொண்டாட எங்கள் ஆட்களால்தான் முடியும்.

சுஜீதன் யார் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் மறந்தவள் போலக் கதைக்கிறாய், ஆகவே சொல்கிறேன். படகில் வந்தவன், இன்னும் தற்காலிக விசாதான், செவன் ஹில்ஸில் யன்னல் செய்யும் இடத்தில் வேலை. என் முழங்காலை வெட்டிப் பொருத்திய நாள் தொடக்கம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனவன் அவன். அந்தக் காரின் பின் சீற்றில் இருந்துதான் உன் மகள் அவனை விரும்பினாள், நான் விரும்பச் சொல்லவில்லை. அவளே என் மடியில் படுத்து, அம்மம்மா மாமாட்டச் சொல்லுங்கோ என்று கேட்டாள். நான் கேதீஸிடம் சண்டை பிடித்தேன், கடைசியில் உன் அண்ணன் என் தலையில் கைவைத்து, கேக் வெட்டின கையோட மேடையில வைச்சு இவர்தான் எங்கட மருமகள் தர்ஷனாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை எண்டு சொல்லுறன் அம்மா என்றான். நீயும் ஓம் என்றாய். அதற்காகத்தான் நான் கைப்பையில் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன்.

அந்தப் பிள்ளை பழைய கோட்டு ஒன்று வாங்கித் தைத்துச் சரிக்கட்டிப் போட்டுக்கொண்டு வந்தான். பரிமாறும் ஆட்களுக்கும் மண்டபக்காரர் அதே கறுப்புக் கோட்டும் போ டையும்தான் கொடுத்திருந்தார்கள். மற்ற ஆம்பிளைகளும் அதே உடுப்புத்தானே, அவர்களிடம் ஏன் யாரும் கேட்கவில்லை என்று நீயே யோசி. அவன் கதவடியில் எங்கே இருப்பது என்று தெரியாமல் நிற்க, சடகோபன், தம்பி இந்தப் பக்கம் ரெண்டு கிளாஸ் கொண்டு வாங்க என்றார். இவன் மரியாதைக்காரன், கொண்டுபோய்க் கொடுத்தான். அடுத்த மேசை கேட்டது. அதற்கடுத்த மேசையும் கேட்டது. ஆரோ ஒரு தட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். உன் அண்ணன் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். விமலாதேவி பக்கத்துக் கதிரைக்காரியிடம், போட்டில வந்த ஆக்களை மேடையில ஏத்தினா நாளைக்கு ஆரும் எங்களை மதிப்பினமே என்று கதைத்தது என் காதில் விழுந்தது. இவள் பிளேனில் வந்து இறங்கின அன்றைக்குப் போட்டிருந்தது என்னுடைய கம்பளிச் சட்டை, அதை இன்னும் திருப்பித் தரவில்லை.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வாசல் படலைக்கு வந்தால் பெண்ணின் தம்பி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கால் கழுவிக் கூட்டிக்கொண்டு போவான். இங்கே மாப்பிள்ளை எச்சில் கிளாஸ் பொறுக்கினான். என்னிடம் வந்தபோது, வை அதை, இரு இதில என்று கத்தினேன். அவன் குனிந்து, அம்மம்மா இருக்கட்டும், மாமான்ர நாள், குழப்பவேண்டாம் என்றான்.

பிறகு ஹம்சாவை மேடைக்குக் கூப்பிட்டு அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு சொல் பேசச் சொன்னார்கள். அவள் இங்கிலீசில் பேசினாள், என் கட்டிலில் சொன்ன கதை என்றபடியால் எனக்கு விளங்கியது. அந்தக் காலத்துப் பெரிய கிளப்புகளில் மேளம் வாசித்தது கறுப்பு ஆட்கள், பரிமாறியது கறுப்பு ஆட்கள், கதிரையில் இருக்க மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் இறங்கவில்லை. மைக்கிலேயே தமிழில், அப்பா, சுஜீதன் அண்ணாக்குக் கதிரை எங்க என்று கேட்டாள். சடகோபன் எழும்பி ஓடிவந்து தட்டத்தை வாங்கி வைத்துவிட்டு, தப்பா நெனச்சுட்டேன் தம்பி, மன்னிச்சுக்குங்க என்று அவன் கையைப் பிடித்தார், வயது போன மனுஷன் கண் கலங்கினார். உன் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா, பாட்டைக் கூட்டி வைக்கச் சொல்லிக் கேக்கை வெட்டினான். மாப்பிள்ளை என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

சுஜீதன் ஒரு வாய் சாப்பிடவில்லை. வழக்கம்போல என்னைத்தான் முதலில் காரில் ஏற்றி, பெல்ட்டையும் போட்டுவிட்டான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அம்மம்மா, இனி வெள்ளிக்கிழமைக்கு வேற ஆளைப் பாருங்கோ, என்னில கோவிக்காதையுங்கோ என்றான். கோவிக்காதே என்று அவன் என்னைக் கேட்கிறான், பிள்ளை.

இதெல்லாம் கேதீஸின் குற்றம் என்று நீ நினைப்பாய். இல்லை. அவன் சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்குப் பயந்தவன், பயந்தவனைத் திட்டலாம், திட்டிவிட்டேன், இன்னும் திட்டுவேன். உன்னிடம் யாரும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். ஹம்சா மேடை ஏறுமுன், சுஜீதன் தட்டத்தோடு ஆஸ்பத்திரிப் பிள்ளைகளின் மேசைக்குப் போனான். அவன் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததை நான் என் கண்ணால் கண்டேன், தன்னுடையவள் இருக்கிறாள் என்ற ஆறுதல். உன் மகள் அவனை நேராகப் பார்த்தாள். ஒரு கிளாசை எடுத்தாள், தாங்க் யூ என்றாள், சிநேகிதிகள் பக்கம் திரும்பிக் கதையைத் தொடர்ந்தாள். ஹம்சா கதிரை எங்கே என்று கேட்டபோது உன் மகளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமனே கிடந்தது, அதில் அவளுடைய கைப்பை இருந்தது. அடுத்தநாள் வந்து, அம்மம்மா என்ர சிநேகிதியளுக்கு அவரை என்னெண்டு விளங்கப்படுத்துறது, ஒரு பார்ட்டிதானே என்கிறாள். ஆகவே நான் அவனைக் கூப்பிட மாட்டேன். நீயும் கூப்பிடாதே. அவன் தப்பினான்.

பிரஷர்க் குளிசையை விடாமல் போடு, சப்பாத்துக்குள் கம்பளி மேஸ் இல்லாமல் வெளியே இறங்காதே. உனக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். ஹம்சாவுக்கு இரண்டு மடங்கு. கேதீஸுக்கும் விமலாதேவிக்கும் கூட, பெற்ற கடனுக்கு. சுஜீதன் எங்கே இருந்தாலும் நல்லாயிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கனகேஸ்வரி

ஆசீர்வாதத்தில் ஒரு பெயர் விடுபட்டுப் போனது என்று தேடுவாய். விடுபடவில்லை. சாகும்வரை நான் மன்னிக்கப் போவதில்லை, தர்ஷனாவை.