சலதாரையில் கொட்டிய மாவு

அக்கா,

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டரைப் பார்த்தேன். பிரியாவின் ரத்தத்தில் ஈஸ்ட்டுக்கு எதிர்ப்பொருள் அதிகம் என்று ரிப்போர்ட்டில் இருந்ததை நானே படித்து, புளித்த மாவுதான் அவளுக்கு மூச்சிரைப்பைத் தருகிறது என்று முடிவுகட்டியது தப்பு. அவள் நுரையீரலில் இருப்பது வேறொரு பூஞ்சையால் வந்த ஒவ்வாமை. அது வந்தவர்கள் பலருக்கு ஈஸ்ட்டுக்கும் எதிர்ப்பொருள் ஏறியிருக்குமாம். ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தான் என்பதால் உடம்பு ஆள் மாற்றிப் பிடிக்கிறது. இட்லி தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்.

நானும் ஆள் மாற்றித்தான் பிடித்தேன். நீங்கள் ஆட்டிய மாவைச் சலதாரையில் கொட்டியிருக்கக் கூடாது. “என்ற கையில வெசமா வெச்சிருக்கறேன், தனபாலு?” என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். பத்து நாளாக ரவை தின்றவள், “உப்புமாவுக்குச் சீக்கே வராதுங்களாப்பா?” என்கிறாள்.

அவளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை பாதி, சாப்பிட்ட பிறகு.

வீட்டுக்குப் பின்னால் நனைந்து கிடக்கும் பஞ்சு மூட்டையில் பூஞ்சை இருக்கலாமாம். தொடாதீர்கள். சாயங்காலம் நானே அப்புறப்படுத்துகிறேன்.

அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருக்கிறேன். அளவு சரியா என்று தெரியவில்லை.

தனபால்

சோமனூருக்குத் திரும்பிப் போக நீங்கள் பை கட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். போவதென்றால் பிரியாவை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். அவள் அம்மா போனபோது நான் அவளை எழுப்பவில்லை.